சுவருக்குள் ஓர் ஆட்டம்: அரீனா ஃபுட்பால் பற்றி நீலகிரி வாசகர்கள் கேட்டவை

விளையாட்டுப் பகுதிக்கு மலையிலிருந்து வந்த கடிதங்களில், உள்ளரங்கில் ஆடப்படும் அமெரிக்கன் ஃபுட்பால், அதில் ஆடுபவர்களின் பிழைப்பு, கோச் வேலை ஆகியவற்றைப் பற்றியவை மட்டும் இந்த மாதம். கிரிக்கெட் கேள்விகள் அடுத்த இதழில்.

கே: ஹாக்கி அரங்கு மாதிரி சுவர் வைத்த இடத்துக்குள் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடும் வீடியோக்கள் பார்த்தேன். இது என்ன ஆட்டம்? பெரிய மைதான ஆட்டத்திலிருந்து எதில் மாறுகிறது?
– கல்லூரி மாணவர், குன்னூர்

ப: ஹாக்கி அரங்கு மாதிரி இல்லை தம்பி, ஐஸ் ஹாக்கி அரங்கேதான். அந்தத் தளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். அரீனா ஆடுகளம் 50 கெஜம். இரு முனையிலும் எட்டெட்டு கெஜம் எண்டு சோன் (பந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய இடம்). கூட்டினால் 198 அடி. அகலம் அதே 85. தளத்தின் மேல் செயற்கைப் புல்லை விரித்து, சுற்றுச்சுவரில் மெத்தையைக் கட்டிவிட்டால் ஆட்டத்துக்குத் தயார். ஏற்கெனவே இருக்கிற அரங்கத்துக்குள் அடங்க வேண்டும் என்று அளந்து செய்த ஆட்டம் இது.

ஜிம் ஃபாஸ்டர் என்பவர் 1981ல் நியூயார்க்கில் உள்ளரங்க சாக்கர் பார்த்துக்கொண்டிருந்தபோது கையிலிருந்த உறையின் மேல் இதன் படத்தைப் போட்டார். 1986ல் இல்லினாய் மாநிலம் ராக்ஃபோர்டில் வெள்ளோட்டம். 1987ல் நான்கே அணிகளோடு லீக் தொடங்கியது. 1990ல் விதிமுறைகளுக்குக் காப்புரிமையும் வாங்கிவிட்டார்.

பெரிய ஆட்டத்தில் பக்கத்துக்கு 11 பேர், இதில் எட்டுப் பேர். நான்கு முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும் என்பது இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் இங்கே பந்தை உதைத்து எதிரணிக்குத் தள்ளிவிடும் பன்ட் கிடையாது. நான்காவது முயற்சியில் ஒன்று கோலுக்கு உதைக்க வேண்டும், இல்லையென்றால் துணிந்து ஆட வேண்டும். கோல் கம்பங்களுக்கு இடையே ஒன்பதே அடி, பெரிய ஆட்டத்தின் முதன்மை லீக்கான என்.எஃப்.எல்.லில் பதினெட்டரை அடி. குறுக்குக் கம்பி 15 அடி உயரத்தில், அங்கே 10 அடி. கம்பத்துக்கு இரு பக்கமும் 30 அடி அகலம், 32 அடி உயரத்துக்கு இறுக்கமான வலை. நீங்கள் பார்த்த வீடியோவில் பந்து திரும்பித் துள்ளியது அதில் பட்டுத்தான்.

கே: அந்த வலையில் பட்டு வரும் பந்து செல்லுமா? சுவரில் மோதினால் அவுட்டா?
– வாசகர், கூடலூர்

ப: செல்லும். கோல் தவறி வலையில் பட்ட பந்தையும், ஆட்டம் தொடங்க உதைத்து வலையில் பட்ட பந்தையும் பிடித்தவர் எடுத்துக்கொண்டு ஓடலாம். எறிந்த பந்து வலையில் பட்டாலும் தரையைத் தொடும் வரை உயிருள்ள பந்துதான்.

புதிதாக வருபவர்கள் தடுமாறுவது இங்கேதான். பந்து தலைக்கு மேலே போவதைப் பார்த்து வலைக்கு அடியில் போய் நின்றுவிடுவார்கள். வலையின் அடிவிளிம்பு தரையிலிருந்து எட்டு அடி உயரத்தில் இருக்கிறது. நன்றாக இழுத்துக் கட்டிய வலை பந்தை ஆளுக்கு முன்னால் தூக்கிப் போட்டுவிடும். வலையிலிருந்து சில கெஜம் தள்ளி, வலையைப் பார்த்தபடி நின்று, துள்ளிய பிறகு காலை எடுத்து வைப்பதே சரி. சரிவாகப் பட்ட பந்து பக்கவாட்டில் ஓடும் என்பதால் இருவர் வேண்டும்: ஒருவர் பிடிக்க, மற்றவர் மூலையைக் காக்க.

சுவர் விஷயம்: 2006 முதல் பக்கக் கோடும் சுவரும் ஒன்றுதான். எதிராளி உங்களைச் சுவரில் தள்ளினாலோ, நீங்கள் சுவரைத் தாண்டி விழுந்தாலோதான் அவுட். நீங்களாக உரசிக்கொண்டு ஓடினால் ஆட்டம் தொடரும்.

கே: கடையில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்த ஒருவர் இந்த ஆட்டத்தின் வழியே பெரிய ஆளானார் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, கேத்தி

ப: உண்மை. கர்ட் வார்னர். 1994ல் என்.எஃப்.எல்.லின் கிரீன் பே அணி இவரைப் பயிற்சி முகாமிலிருந்து அனுப்பிவிட்டது. அயோவாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் இரவு ஷிஃப்டில் அலமாரி அடுக்கினார். 1995 முதல் 1997 வரை அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ் அரீனா அணியின் குவாட்டர்பேக், அதாவது பந்தை வாங்கி எறிந்து தாக்குதலை நடத்துபவர். 1996, 1997 இரண்டு ஆண்டும் அணியை இறுதிப் போட்டி வரை கொண்டுபோய் இரண்டிலும் தோற்றார். 1999 சீசனில் என்.எஃப்.எல்.லின் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணிக்காக 41 டச்டவுன் பாஸ் (எதிரணி எண்டு சோனில் பந்தைச் சேர்த்த எறிகள்). அடுத்து வந்த சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில் 414 கெஜம் எறிந்து ஆட்ட நாயகன். 2017ல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம்.

இந்தக் கதையை வறுமையும் முயற்சியுமாக மட்டும் சொல்லிக்கொண்டிருப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. நெருக்கடியான இடத்தில், கண்ணிமைக்கும் நேரத்தில் பந்தைக் கையிலிருந்து அனுப்பும் வேலையை மூன்று சீசன் செய்தவர் அவர். ராம்ஸில் பலன் கொடுத்தது அந்தப் பழக்கம்.

கே: நான் உடற்கல்வி ஆசிரியர். அரீனா ஃபுட்பாலில் ஆடியவர்களே பின்னால் கோச் ஆகிறார்கள் என்று படித்தேன். அதற்குக் காரணம் என்ன? அந்த கோச் என்னதான் செய்கிறார்?
– ஆசிரியர், உதகை

ப: 2006 சீசன் வரை இந்த ஆட்டத்தின் அடிப்படை விதியே இருபக்க ஆட்டம். எட்டுப் பேரில் ஆறு பேர் தாக்குதலிலும் தடுப்பிலும் ஆடியாக வேண்டும். பந்து பிடிக்கும் ரிசீவரே அடுத்த நிமிடம் எதிரணி ரிசீவரைக் காக்க வேண்டும். முன்வரிசை லைன்மேன் தன் குவாட்டர்பேக்கைக் காத்துவிட்டு, உடனே எதிரணி குவாட்டர்பேக்கைத் துரத்த வேண்டும். குவாட்டர்பேக், உதைப்பவர், சில சிறப்பு ஆட்டக்காரர்களுக்கு மட்டும் விலக்கு. பத்து வருடம் இப்படி ஆடியவருக்கு இரண்டு பக்கத்துப் பாடமும் மனப்பாடமாகிவிடும். இருபக்க ஆட்டத்துக்கென்றே கொடுத்த 'அயர்ன்மேன்' விருதை பேரி வாக்னர் 1992 முதல் 1997 வரை தொடர்ந்து ஆறு முறை வாங்கினார். பெரிய ஆட்டத்தில் ஒரு லைன்மேன் வாழ்நாள் முழுக்க ஒரே வேலையைச் செய்துவிட்டு ஓய்வு பெறலாம், இங்கே அப்போது முடியாது.

பணமும் ஒரு காரணம். அரீனா அணிகளின் பயிற்சியாளர் குழு கைவிரலுக்குள் அடங்கும். ஒருவரே லைனையும் பார்த்து, உதைப்பவர்களையும் பார்த்து, வீடியோவையும் வெட்ட வேண்டும். விதி தெரிந்த பழைய ஆட்டக்காரரை எடுப்பதுதான் லாபம்.

இந்தப் பாதைக்கு நல்ல எடுத்துக்காட்டு ஜே குரூடன். டாம்பா பே ஸ்டார்ம் குவாட்டர்பேக்காக 1991, 1993, 1995, 1996 என நான்கு கோப்பை. வார்னரின் அணியை 1996 இறுதியில் 42–38 என்று வீழ்த்தியது இவர் அணிதான். 1997ல் நாஷ்வில்லில் தாக்குதல் பிரிவுப் பயிற்சியாளர். 1998ல் ஆர்லாண்டோ பிரிடேட்டர்ஸ் தலைமை கோச். அதே ஆண்டும் 2000லும் கோப்பை. பிறகு மறுபடியும் உடுப்பு மாட்டி 2002, 2003ல் அதே ஆர்லாண்டோவுக்கு ஆடினார்! 2014 முதல் 2019 அக்டோபர் வரை என்.எஃப்.எல்.லில் வாஷிங்டன் அணியின் தலைமை கோச். மைக் ஹோஹென்சீ 1987ல் லீக்கின் முதல் டச்டவுன் பாஸை எறிந்தவர். 2006ல் சிகாகோ ரஷ் கோப்பை வாங்கியபோது அதன் கோச். கிளின்ட் டோலசெல் குவாட்டர்பேக்காக ஆடிய பின், கோச்சாக பிலடெல்பியா சோல் அணிக்கு 2016, 2017ல் கோப்பை வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் ஏழு கோப்பைகளோடு எல்லோருக்கும் மேலே நிற்கும் டிம் மார்கம் அரீனாவில் ஆடியவரல்ல, பெரிய ஆட்டத்தில் பயிற்சியளித்துவிட்டு வந்தவர். குரூடனின் 1995, 1996 கோப்பைகளின்போது அவருக்கு கோச்சும் மார்கம்தான். ஆடியவர்தான் கற்றுக்கொடுக்க முடியும் என்று எழுதிவைத்துவிட வேண்டாம்.

கோச் என்ன செய்கிறார் என்பதற்கு ஒரு காட்சி. நான்காவது கால்பகுதி, ஒரு நிமிடம் பத்து விநாடி பாக்கி. நாம் மூன்று புள்ளி முன்னிலை, பந்து எதிரணியின் எட்டாவது கெஜத்தில். பார்ப்பவர்கள் எல்லோரும் டச்டவுன் கேட்டுக் கத்துவார்கள். அரீனாவில் கடிகாரம் கடைசி ஒரு நிமிடம் வரை நிற்காமல் ஓடும். அதற்குப் பிறகுதான் பந்து தரையில் விழுந்தால், ஆள் வெளியே போனால் நிற்கும். இப்போதே டச்டவுன் போட்டால் (ஆறு, கூடுதல் உதைக்கு ஒன்று) பத்துப் புள்ளி முன்னிலைதான், ஆனால் எதிரணிக்கு ஒரு முழு நிமிடம் கிடைக்கும். 50 கெஜ ஆடுகளத்தில் ஒரு நிமிடம் தாராளம். வலையில் துள்ளும் உதையும் அவர்களுக்கு உதவும். சரி, பெரிய ஆட்டத்தைப்போல குவாட்டர்பேக் மண்டியிட்டு நேரத்தைக் கடத்தலாமா? அதற்கும் விதி வழிவிடாது. கடைசி நிமிடத்தில் முன்னிலையில் இருக்கும் அணி பந்தைக் கொஞ்சமாவது முன்னே நகர்த்த வேண்டும், இல்லையென்றால் கடிகாரம் நின்றுவிடும். ஆகவே கோச் அழைக்கும் ஆட்டம்: பந்தைக் கையில் கொடுத்து நடுவில் இரண்டு கெஜம். கீழே விழு, சுவர்ப்பக்கம் போகாதே, எண்டு சோனுக்குள்ளும் போகாதே. இதை ஓடுபவரின் காதில் சொல்லிப் புரியவைத்திருக்க வேண்டும். ஆட்டத்தின் நடுவில் சொன்னால் ஏறாது. வாரத்துக்கு ஒரு தடவை பயிற்சியில் கடிகாரத்தோடு ஆடிக் காட்டியிருக்க வேண்டும்.

இன்னொன்று தடுப்பு விதிகள். முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் இரண்டு தடுப்பாளர்களில் (லைன்பேக்கர்கள்) 'மேக்' எனப்படுபவர் மட்டும் குவாட்டர்பேக் மேல் பாயலாம். 'ஜாக்' தனக்குரிய கட்டத்துக்குள் நிற்க வேண்டும், பந்து கையை விட்டுப் போகும் வரை பாயக் கூடாது. வெளியிலிருந்து வரும் நல்ல கோச்சுகள்கூட முதல் சீசனில் இந்த ஜாக் விதியில் பெனால்டி வாங்கிக் குவிப்பார்கள்.

உங்களுக்கு ஒரு யோசனை, ஐயா. மலையில் பெரும்பாலான மைதானங்களுக்கு மேல்தட்டு ஒன்று இருக்கும். ஆடுகளத்தின் நீளவாக்கில் பார்க்கும்படி அங்கே ஒரு ஃபோனை நிறுத்திப் பதிவுசெய்யுங்கள். எட்டுப் பேரும் எங்கே நின்றார்கள் என்பது தரையிலிருந்து எடுத்த படத்தில் தெரியவே தெரியாது. சமவெளியில் இதற்குக் கோபுரம் கட்டுகிறார்கள்.

கே: குவாட்டர்பேக் ஆக ஆசை. தனியாக என்ன பயிற்சி செய்யலாம்?
– பிளஸ் டூ மாணவர், கோத்தகிரி

ப: தூரமாக எறியும் பழக்கத்தை விடுங்கள். அரீனாவில் பெரும்பாலும் குறுகிய பாஸ்தான். வேண்டியது வேகமாகக் கையை விடுவது.

வலக்கையர் என்றால், பந்து கைக்கு வந்ததும் மூன்று எட்டு பின்னால்: வலது, இடது, வலது. மூன்றாவது எட்டு குட்டையாக இருக்க வேண்டும். அதில் ஊன்றி இடது காலை இலக்கை நோக்கி வைக்கும்போதே பந்து கிளம்ப வேண்டும். பந்து எப்போதும் காறை எலும்புக்கு அருகில், இரண்டு கையிலும். எறிவதற்கு முன் பந்தை இடுப்பு வரை இறக்கி மறுபடி தூக்குவதுதான் பொதுவான கோளாறு. அந்த இறக்கத்தில் போகும் கொஞ்ச நேரம் முழு மைதானத்தில் பெரிதல்ல. இங்கே மேக் வந்து சேர்ந்துவிடுவார். நண்பரிடம் ஸ்டாப்வாட்சைக் கொடுத்து, பந்து கைக்கு வந்ததிலிருந்து கையை விட்டுப் போகும் வரை அளக்கச் சொல்லுங்கள். இரண்டு விநாடி நல்லது. இரண்டரையைத் தாண்டினால் கால் எட்டைத் திருத்துங்கள், கையை அவசரப்படுத்த வேண்டாம்.

அரீனாவுக்கே உரிய ஒன்று, ஓடிவரும் ரிசீவர். பந்து கிளம்பும் முன்பே ஒரு ரிசீவர், பந்து வைத்திருக்கும் கோட்டை நோக்கி முழு வேகத்தில் ஓடிவரலாம். பெரிய ஆட்டத்தில் இதற்கு அனுமதி இல்லை. கணக்கு இதுதான்: அவர் விநாடிக்கு ஏழு கெஜம் ஓடுகிறார். உங்கள் குரலைக் கேட்டு சென்டர் (பந்தை உங்களிடம் கொடுப்பவர்) பந்தைக் கிளப்ப ஏறக்குறைய அரை விநாடி. அதற்குள் அவர் மூன்றரை கெஜம் வந்துவிடுவார். ஆகவே அவர் கோட்டுக்கு நான்கு கெஜம் பின்னால் இருக்கும்போதே குரல் கொடுக்க வேண்டும். தாமதித்தால் அவர் கோட்டைத் தாண்டிவிடுவார், ஐந்து கெஜம் பெனால்டி. முன்கூட்டிக் கொடுத்தாலோ அவர் ஓடிவந்ததன் பயனே போய்விடும். காத்து நிற்பவர் அவரை எளிதாக மறித்துவிடுவார். கோட்டுக்கு எட்டு கெஜம் பின்னால் ஒரு செருப்பு, நான்கு கெஜம் பின்னால் ஒரு செருப்பு வைத்து, பந்து இல்லாமல் குரலும் ஓட்டமும் மட்டும் இருபது தடவை பழகிவிட்டுப் பந்தை எடுங்கள். எறியும்போது ஆள் இருக்கும் இடத்துக்கு அல்ல, வரப்போகும் இடத்துக்கு. ஓடிவரும் ரிசீவருக்குப் பின்னால் விழும் பந்து எதிரணிக்கான பரிசு.

கே: உதைத்துப் போடும் கோலுக்கு நான்கு புள்ளி உண்டா?
– வாசகர், மஞ்சூர்

ப: தரையில் வைத்து உதைத்தால் மூன்றுதான். பந்தைக் கையிலிருந்து கீழே போட்டு, அது தரையில் பட்டு எழும் நொடியில் உதைத்துக் கம்பங்களுக்கிடையே அனுப்பினால் நான்கு. டச்டவுனுக்குப் பிந்தைய கூடுதல் புள்ளியும் அப்படி உதைத்தால் இரண்டு. ஒன்பது அடி இடைவெளியில் முயல்பவர் அரிது.

கே: மகன் பொறியியல் முதலாண்டு. படிப்பை விட்டுவிட்டு இந்த விளையாட்டில் போகிறேன் என்கிறான். வருமானம் வருமா?
– ஒரு தந்தை, அருவங்காடு

ப: படிப்பை விட வேண்டாம் என்று எங்கள் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள்.

லீக்கின் நிலையைப் பாருங்கள். 2009 சீசனே நடக்கவில்லை. பழைய நிறுவனம் திவாலானது. 2010ல் புது நிர்வாகத்தில் மீண்டும் வந்து 2019ல் மூடிவிட்டார்கள். 2024ல் 16 அணிகளோடு அதே பெயரில் தொடங்கியது சீசன் பாதியிலேயே உடைந்தது. மிஞ்சிய அணிகள் சில சேர்ந்து 2025ல் அரீனா ஃபுட்பால் ஒன் என்று ஆடின. 2009 முதல் ஓடும் இன்டோர் ஃபுட்பால் லீக் ஒன்று உண்டு, அதில் துள்ளும் வலை இல்லை. 2010க்குப் பிறகு பெரும்பாலான ஆட்டக்காரர்களுக்கு ஓர் ஆட்டத்துக்கு ஆயிரம் டாலருக்கும் குறைவு. சீசன் சில மாதம்தான். மீதி மாதங்களில் பள்ளி ஆசிரியராக, ஜிம் பயிற்சியாளராக, விற்பனைப் பிரதிநிதியாக வேலை பார்க்கிறார்கள். அமெரிக்காவில் கல்லூரி அணிகளில் நான்கு வருடம் ஆடிவிட்டு வருபவர்களின் கதி இது. இந்தியாவில் 2012ல் எலீட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியா என்று 11 பேர் ஆட்டம் தொடங்கினார்கள், நிலைக்கவில்லை.

பையனின் ஆர்வத்துக்கு வழி இல்லாமல் இல்லை. ஆளை மோதி வீழ்த்தாமல் இடுப்பிலிருக்கும் கொடியைப் பறித்து நிறுத்தும், ஐந்து பேர் ஆடும் ஃபிளாக் ஃபுட்பால் 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஹெல்மெட், தோள்கவசம் எதுவும் வேண்டாம். படித்துக்கொண்டே ஆடலாம்.

கே: எங்கள் ஹட்டி (படகர் ஊர்) மைதானம் சுமார் 75 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஒரு பக்கம் கருங்கல் தடுப்புச் சுவர், மறுபக்கம் கீழே தேயிலை. அரீனா ஆட்டம் ஆடலாமா?
– இளைஞர் மன்றம், கோத்தகிரி வட்டம்

ப: அளவு கச்சிதம். ஆட்டம் வேண்டாம். மெத்தை இல்லாத கருங்கல்லில் தோள் மோதினால் காறை எலும்பு போகும். அதே இடத்தில் ஃபிளாக் ஆடுங்கள்: 50 கெஜம், முனைக்குப் பத்துப் பத்து கெஜம் எண்டு சோன், அகலம் 25 கெஜம். மீட்டரில் 64க்கு 23. சுவர்ப்பக்கம் மூன்று மீட்டராவது விட்டு, மீதியைத் தேயிலைப் பக்கம் விடுங்கள். மூலை சதுரமாக வந்திருக்கிறதா என்று பார்க்க இரண்டு மூலைவிட்டத்தையும் கயிற்றால் அளங்கள். இரண்டும் 68 மீட்டர் வர வேண்டும். வித்தியாசம் ஒரு சாணுக்கு மேல் இருந்தால் முளையை நகர்த்துங்கள்.

கோடு போட நீறாத சுண்ணாம்பு கூடவே கூடாது. மஞ்சு இறங்கி நனைந்தால் தோலைப் புண்ணாக்கிவிடும், கண்ணில் பட்டால் ஆபத்து. கல்மாவுக் கோலப்பொடி வாங்குங்கள். சுற்றுக்கோடும் ஐந்து குறுக்குக்கோடும் சேர்த்து ஏறக்குறைய 290 மீட்டர். இரண்டு அங்குல அகலத்தில் மெல்லியதாகப் போட்டால் 25 கிலோ மூட்டை ஒன்று போதும்.

கொடிக்கு இரண்டு அங்குல அகலம், பதினைந்து அங்குல நீளத்தில் கெட்டித் துணி, ஆளுக்கு இரண்டு. இடுப்புப் பட்டையில் வெல்க்ரோ வைத்து ஒட்டுங்கள். முடிச்சுப் போட்டுக் கட்டினால் இழுக்கும்போது கொடி வராது, டிரவுசர் வரும், விரலும் மாட்டிக்கொள்ளும்.

முக்கிய விதிகள்: சொந்த ஐந்தாவது கெஜத்தில் தொடக்கம், நான்கு முயற்சியில் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும், பிறகு நான்கு முயற்சியில் டச்டவுன். குவாட்டர்பேக் பந்தோடு கோட்டைத் தாண்டி ஓடக் கூடாது. அவர்மேல் பாய்பவர் ஏழு கெஜம் தள்ளி நின்றுதான் கிளம்ப வேண்டும்.

கே: மேட்டுப்பாளையத்தில் சரியாகக் காற்றடித்து எடுத்துவந்த ஓவல் பந்து உதகையில் கல்லாகிவிடுகிறது. விடிகாலையில் மட்டும் சரியாக இருக்கிறது. பந்தில் கோளாறா?
– வாசகர், உதகை

ப: பந்தில் ஒன்றுமில்லை. விதிப்படி பந்துக்குள் 12.5 முதல் 13.5 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம் வேண்டும். இது வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்ற கணக்கு. மேட்டுப்பாளையத்தில் வெளிக்காற்று ஏறக்குறைய 14 பி.எஸ்.ஐ., 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் 11 சொச்சம். வெளியே அழுத்தம் குறைவதால் பந்து புடைக்கிறது. குளிர் எதிர்ப்பக்கம் வேலை செய்கிறது: பத்து டிகிரி இறங்கினால் பந்துக்குள் ஒரு பி.எஸ்.ஐ.க்குச் சற்றுக் குறைவாக இறங்கும். கீழே 33 டிகிரியில் 13 அடித்த பந்து, மேலே 15 டிகிரி பகலில் ஏறத்தாழ 14.3 காட்டும். விடிகாலை 5 டிகிரியில் 13.4. நீங்கள் கண்டது இதுதான்.

ஆடும் இடத்திலேயே, பந்தை அரை மணி நேரம் வெளியே வைத்த பிறகு அளவுமானி வைத்து அடியுங்கள். காலையில் அடித்துவிட்டு வெயில் ஏறியதும் மறுபடி பாருங்கள். மலைக் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால் நீண்ட பாஸ் கொஞ்சம் அதிகம் போகும். கோவைக்கு ஆடப் போனால் அதே எறி குறைந்து விழும், முன்பே பழகிக்கொள்ளுங்கள். ஜூன், ஜூலை மழையில் தோல் பந்தை எடுக்காதீர்கள். தண்ணீர் குடித்துக் கனத்துவிடும், அடுப்பருகே காயவைத்தால் தையல் விடும். ரப்பர் பந்து போதும். காற்றடிக்கும் ஊசியை எச்சிலோ கிளிசரினோ தொட்டு நனைத்துச் செருகுங்கள். உலர்ந்த ஊசி வால்வைக் கிழித்துவிட்டால் அந்தப் பந்து அவ்வளவுதான்.